பெயர் சொல்லி அழைத்தல்: பைத்தான் மாநாடுகளின் பதினைந்து ஆண்டுகள்

மாணவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்துத் திறந்த மூல மென்பொருள் எழுதவைக்கும் திட்டம் ஒன்றைக் கூகுள் நடத்திவந்தது. 2006ஆம் ஆண்டு அத்திட்டத்தின்கீழ், லினக்ஸ் கணினிகளின் திரைமுகப்பை உருவாக்கும் க்னோம் குழுவுக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பெண் அனுப்பியது அல்ல. அதிர்ந்துபோன க்னோம் குழுவினர் அதே கோடையில் பெண்களுக்கென்று தனியாக ஓர் அழைப்பு விடுத்தார்கள். நூறு பேர் விண்ணப்பித்தார்கள். ஆறு பேர் தேர்வானார்கள்.

வேலை ஒன்றுதான், குழு ஒன்றுதான், மாதங்களும் ஒன்றுதான். மாறியது அழைப்பு மட்டுமே. “பெண்களுக்கு இதில் ஆர்வம் இல்லை, நாங்கள் என்ன செய்ய” என்று சொல்லிவந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைத்திருக்க முடியாது. சூன்யம் நூறாவதற்கு ஒரு கோடைகூட முழுதாகத் தேவைப்படவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து நடந்தது அவ்வளவு உற்சாகமானது அல்ல. அந்த ஒரு கோடையோடு முயற்சி ஓய்ந்தது. 2009 வாக்கில் க்னோமின் ஆண்டு மாநாட்டில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலைதான் நீடித்தது. 2010இல் க்னோம் குழுவைச் சேர்ந்த மரீனா ழுராகின்ஸ்காயா அத்திட்டத்தை மறுபடி எழுப்பியபோது அதன் அமைப்பையே மாற்றினார். யார் யாருக்கு வழிகாட்டுவது என்பது முன்கூட்டியே முடிவானது. விண்ணப்பிக்கும் காலத்திலேயே அந்த வழிகாட்டியின் துணையோடு ஒரு சிறு பிழையையாவது திருத்தித் தர வேண்டும் என்பது விதியானது. மாணவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் போனது. தேர்வாகாதவர்கூட ஒரு பங்களிப்பும் ஓர் அறிமுகமும் பெற்றுத் திரும்பினார். பிற்பாடு அவுட்ரீச்சி என்று பெயர் மாறி, க்னோமைத் தாண்டிப் பல திட்டங்களுக்கும் பரவி இன்றும் நடந்துவருவது அதுதான்.

அழைப்பது, வந்தவரை ஏற்க ஓர் ஆளை நிறுத்துவது, அந்த ஆள் அடுத்த ஆண்டும் அங்கே இருப்பது. திறந்த மூல உலகில் அனைவரையும் உள்ளடக்கும் முயற்சிகள் வென்ற இடங்களிலும் தோற்ற இடங்களிலும் இந்த மூன்றையும் தேடிப் பார்த்தால் காரணம் புலப்படுகிறது. பைத்தான் நிரலாக்க மொழியின் சமூகம் இதற்கு நல்ல சான்று. அவர்கள் செய்ததில் பெரும்பகுதி மாநாடுகளின் வழியாகவே நடந்தது. எண்களும் பொதுவெளியில் இருக்கின்றன.

எங்கிருந்து தொடங்கினார்கள் என்பதற்கு ஓர் அளவு: 2006இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் வெளிவந்த ஆய்வு, கட்டற்ற மென்பொருள் பங்களிப்பாளர்களில் பெண்கள் ஏறத்தாழ 1.5 சதவீதம் என்றது. வணிக மென்பொருள் துறையில் அன்று அந்த விகிதம் 28 சதவீதம். சம்பளத்துக்கு வேலை செய்யும் இடத்தில் நான்கில் ஒருவருக்கு மேல். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவு திறந்து வைத்திருந்த இடத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. நிறுவனத்தில் குறைகளை முறையிட ஒரு மனிதவளத் துறையாவது இருந்தது. தன்னார்வலர் உலகில் அதுகூட இல்லை. அலுவலக நேரம் முடிந்தபின் வரும் ஓய்வு மணிகள் யாருக்கு உரியவை, யாருக்குச் சமையலறையில் கழிகின்றன என்ற கேள்வியும் உண்டு.

வட அமெரிக்காவின் பைகான் மாநாடு 2003இல் வாஷிங்டனில் சிறிய அளவில் தொடங்கியது. பத்தாண்டுகளில் 2,500 பேர் கூடும் திருவிழாவாக வளர்ந்தது. 2011இல் அங்கே உரையாற்றியவர்களில் பெண்கள் 1 சதவீதம். 2012இல் 7, 2013இல் 15, 2014இலும் 2015இலும் 33, 2016இல் 40 சதவீதம். இவற்றை வெளியிட்டவர் மாநாட்டின் பன்மைத்துவப் பொறுப்பாளராக இருந்த ஜெசிகா மெக்கெல்லர். ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்காவின் மென்பொருள் தொழிலாளர் கூட்டம் இப்படித் தலைகீழாக மாறிவிடவில்லை. அப்படியானால் மாறியது எது?

மெக்கெல்லரும் அவருடன் இருந்தவர்களும் செய்தது கேட்பதற்குச் சாதாரணமானது. பெண் நிரலாளர்களுக்கு ஒவ்வொருவராக, பெயர் சொல்லி எழுதினார்கள். “அனைவரும் விண்ணப்பிக்கலாம்” என்ற பொது அறிவிப்பைப் பார்த்து, அதில் தானும் அடங்குவதாக எடுத்துக்கொள்வோர் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள்தாம். “நீங்கள் செய்துவரும் இந்த வேலையைப் பற்றி நீங்களே பேசலாமே” என்று ஒருவர் எழுதும்போது கணக்கு மாறுகிறது. 2011இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஏழு பெண்கள் தொடங்கிய பைலேடிஸ் குழுவின் கிளைகள், உரைக்கான தலைப்பை யோசிப்பதற்கும் முன்மொழிவை எழுதிப் பழகுவதற்கும் கூட்டங்கள் நடத்தின. அதே ஆண்டில் பாஸ்டன் நகரின் பைத்தான் பயனர் குழு, பெண்களுக்கும் அவர்கள் அழைத்துவரும் நண்பர்களுக்கும் தொடக்கநிலைப் பயிலரங்குகளைத் தொடங்கியது. அங்கே படித்துமுடித்தவர்கள் குழுவின் வழக்கமான மாதக் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தார்கள். பயிலரங்கை ஒரு தனித் தீவாக விடாமல் வழக்கமான கூட்டத்துக்குப் படியாக அமைத்ததே அதன் கெட்டிக்காரத்தனம்.

தகுதியைத் தளர்த்தித்தானே எண்ணிக்கையைக் கூட்டினார்கள் என்ற சந்தேகம் அப்போதும் எழுந்தது, இப்போதும் எழுகிறது. 2012இல் பெர்லினில் நடந்த, ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான ஜேஎஸ்கான்ஃப் மாநாடு இதற்கு வேறு விதத்தில் பதில் வைத்திருக்கிறது. அதன் அமைப்பாளர்கள் பெண்களைத் தேடிச் சென்று விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அதன்பின் எல்லா விண்ணப்பங்களிலும் பெயரை மறைத்துவிட்டுத் தேர்வு செய்தார்கள். உரையாளர்களில் கால்வாசிப் பேர் பெண்களாக அமைந்தார்கள். தேர்வுக்குமுன் விண்ணப்பிக்கச் சொல்வது வேறு, தேர்வில் சலுகை காட்டுவது வேறு. இந்த வேறுபாட்டை வேண்டுமென்றே குழப்புவோருடன் வாதிட்டுப் பயனில்லை என்பது என் எண்ணம்.

வரவழைத்தபின் என்ன? மாநாட்டு அரங்கம் என்பது மது விருந்து, இரவு நெடுநேரப் பேச்சு, விடுதி அறைகள் எல்லாம் சேர்ந்த இடம். 2010இல் ஒரு பெரிய திறந்த மூல மாநாட்டில் பாலியல் அத்துமீறலுக்கு ஆளான பெண் அதைப் பகிரங்கமாகச் சொன்னார். அதற்குப் பின்னரே மாநாடுகளுக்கான நடத்தை விதிகளின் மாதிரி வடிவம் எழுதப்பட்டுப் பரவியது. அதை முன்னெடுக்க 2011இல் தொடங்கப்பட்டதே அடா இனிஷியேட்டிவ் அமைப்பு. 2012 இறுதியில் பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை ஒரு படி மேலே போய், நடத்தை விதி இல்லாத மாநாட்டுக்கு இனி நிதியுதவி இல்லை என்று தீர்மானித்தது. அறிவுரை சொல்வதோடு நிற்காமல் பணப்பையைக் கட்டிய தீர்மானம் அது. உலகெங்கும் சிறு ஊர்களில் நடக்கும் பைத்தான் கூட்டங்கள்கூட விதிகளை எழுதிவைத்தன.

எழுதிவைத்த விதி வேறு, அதை நடத்திக்காட்டுவது வேறு என்பது 2013இல் சாண்டா கிளாராவில் நடந்த பைகானில் கசப்பாக வெளிப்பட்டது. அரங்கில் தனக்குப் பின்னால் இருந்த இருவர் இரட்டை அர்த்தத்தில் பேசிச் சிரித்ததாக, பெண் ஒருவர் அவர்களைப் படமெடுத்து ட்விட்டரில் போட்டார். மாநாட்டுப் பொறுப்பாளர்கள் இரு தரப்பையும் தனியே அழைத்துப் பேசினார்கள். அங்கே பிரச்சினை ஏறக்குறைய முடிந்தும்விட்டது. வெளியே அது முடியவில்லை. அந்த ஆண்களில் ஒருவருக்கு வேலை போனது. பிறகு அந்தப் பெண்ணை நோக்கி மிரட்டல்கள் குவிந்தன. அவருக்கும் வேலை போனது. ஒரு புகாருக்கு இரு வேலையிழப்புகள். இருவரில் யாருக்கும் நியாயம் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. புகாரை யாரிடம், எப்படி இரகசியமாகச் சொல்வது, கேட்டவர் என்ன செய்வார், எத்தனை நேரத்தில் செய்வார் என்ற நடைமுறைக்கு மாநாடுகள் உண்மையான கவனம் தரத் தொடங்கியது அதன்பின்தான். பெயர் குறிப்பிடாமல், அந்த ஆண்டில் எத்தகைய புகார்கள் வந்தன, என்ன செய்தோம் என்று பைகான் இப்போது அறிக்கை வெளியிடுகிறது.

பணத்தைப் பற்றி அந்த ஆண்டுகளில் பைகானுக்கு ஒரு விசித்திரமான கொள்கை இருந்தது. எல்லோரும் நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். உரையாளரும், அமைப்பாளரும், மாநாட்டுத் தலைவரும். இப்படி மிச்சமாகும் தொகையும் புரவலர் தரும் பணமும், வர வசதியற்றவர்களின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் போனது. வழக்கமாக மேடையேறுபவருக்கு மாலை மரியாதையும் கூட்டத்தில் உட்காருபவருக்குக் கட்டணமும் என்பதுதான் உலக நடைமுறை. அதைத் திருப்பிப் போட்டார்கள். இதிலும் குறை உண்டு: உதவி கேட்டு எழுதுவதற்கே கூச்சப்படுகிறவர் பின்தங்கிவிடுவார். ஆனாலும் இலவச நுழைவு புகழுக்குப் போகாமல் தேவைக்குப் போனது.

பிற்காலத்தில் மாநாடுகளில் குழந்தைப் பராமரிப்பு அறை, பேச்சை உடனுக்குடன் எழுத்தாகத் திரையிடும் வசதி, படமெடுக்கப்பட விரும்பாதவர் அணியும் வேறு நிறக் கழுத்துப்பட்டி என்று ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பேச்சை எழுத்தாக்கும் வசதி காது கேளாதவருக்காக வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள்தான் அதை அதிகம் பார்த்துப் படிக்கிறார்கள் என்று சொன்னால் மாநாட்டுக்குப் போன தமிழர் யாரும் மறுக்கமாட்டார்கள். இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. இந்த எழுத்தாக்கத்துக்கும் தேவைப்படுவது நீதிமன்றச் சுருக்கெழுத்தர்கள் பயன்படுத்தும் வகை மென்பொருள்தான்; அதன் விலை ஆயிரக்கணக்கான டாலர். நியூயார்க்கில் பேச்சை எழுத்தாக்கும் தொழிலைச் செய்துவந்த மிராபாய் நைட், ஒரு நிரலாளருடன் சேர்ந்து ப்ளோவர் என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கினார். அது எழுதப்பட்டிருப்பது பைத்தானில்.

செலவே இல்லாத ஏற்பாடு ஒன்றும் உண்டு. மென்பொருள் ஆவணம் எழுதுவோரின் மாநாடான ரைட் த டாக்ஸின் நிறுவனர்களில் ஒருவர் எரிக் ஹோல்ஷர். நடைபாதையில் நின்று பேசும் குழு எப்போதும் ஒருவர் வந்து நிற்க இடைவெளி விட்டே நிற்க வேண்டும் என்பது அவர் சொன்ன விதி. மேலிருந்து பார்த்தால் அந்த வட்டம் வாய் திறந்த பேக்மேன் பொம்மைபோலத் தெரியும் என்பதால் அதற்குப் பேக்மேன் விதி என்று பெயர். முதல்முறை வந்தவருக்கு மாநாட்டின் மிகக் கடினமான நேரம் தேநீர் இடைவேளை என்பதை அறிந்த ஒருவரால்தான் இப்படி ஒரு விதியை யோசிக்க முடியும்.

மேடையில் 40 சதவீதம் என்றோமே, அடுத்த ஆண்டே ஓர் எண் அதைச் சங்கடப்படுத்தியது. 2017இல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் திறந்த மூலப் பங்களிப்பாளர்களிடையே நடத்திய ஆய்வில், பதிலளித்தவர்களில் 95 சதவீதத்தினர் ஆண்கள். பெண்கள் 3 சதவீதம். கிட்ஹப் என்பது பைத்தானைவிடப் பன்மடங்கு பெரிய உலகம். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் பைத்தானுக்குள்ளேயே அதைவிட மோசமான எண் இருந்தது. மொழியின் மூலநிரலில் நேரடியாக மாற்றம் செய்யும் கமிட் உரிமை பெற்ற மைய உருவாக்குநர்களில், 2016 முடியும்வரை ஒரு பெண்கூட இல்லை. உரையாளர்களை ஒரு குழு ஓராண்டில் மாற்றிவிடலாம். கமிட் உரிமை அப்படி வருவதல்ல. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், தாங்கள் நன்கு அறிந்த ஒருவருக்குத் தருவது.

அந்த ‘நன்கு அறிந்த’ என்பதில்தான் மாநாட்டின் உண்மையான வேலை இருக்கிறது என்று கருதுகிறேன். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தையும் கலிபோர்னியாவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு, கிட்ஹப்பில் அனுப்பப்படும் புல் ரிக்வெஸ்டுகளை, அதாவது ஒரு திட்டத்தின் நிரலில் மாற்றத்தை ஏற்கக் கோரும் விண்ணப்பங்களை, பாலின வாரியாகப் பிரித்துப் பார்த்தது. ஒட்டுமொத்தத்தில் பெண்கள் அனுப்பியவையே அதிகம் ஏற்கப்பட்டன: அவர்களுக்கு 78 சதவீதத்துக்கு மேல், ஆண்களுக்கு 74 சதவீதத்துக்கு மேல். ஆனால் அந்தத் திட்டத்துக்கு வெளியாளாக இருந்து, பெயரிலோ படத்திலோ பெண் என்று தெரிந்துவிட்டால் ஏற்பு விகிதம் குறைந்தது. ஏற்கெனவே உள்ளே அறியப்பட்டவர்களிடம் இந்தப் பாகுபாடு அப்படித் தெரியவில்லை. சிக்கல் வெளியாளாக இருக்கும் காலத்தில் இருக்கிறது என்றால், அந்தக் காலத்தைச் சுருக்குவதற்கு நேரில் சந்திப்பதைவிட வேகமான வழி எனக்குத் தெரியவில்லை. இது அந்த ஆய்வாளர்களின் முடிவு அல்ல; அவர்கள் தந்த எண்களிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

2015இல் மொன்ட்ரியலில் நடந்த பைகானின் மேடையில், பைத்தானை உருவாக்கிய குய்டோ வான் ரோசம், அடுத்த ஓராண்டுக்குள் இரண்டு பெண்களாவது மைய உருவாக்குநராக வேண்டும், பயிற்சி தரத் தானே தயார் என்று அறிவித்தார். ஓராண்டு கழிந்தது. ஒருவரும் ஆகவில்லை. உலகின் முன்னணி நிரலாளர்களில் ஒருவர், தன் சொந்த மாநாட்டில், எல்லோர் முன்னிலையிலும் விடுத்த அழைப்புக்கே இதுதான் கதி. பொது அழைப்பின் எல்லை எது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பிறகு இந்தோனேசியாவில் பிறந்து கனடாவின் வான்கூவரில் வேலை செய்துகொண்டிருந்த மரியாட்டா விஜயா, குய்டோவுக்கே எழுதி, எங்கே தொடங்குவது என்று கேட்டார். அவர் வழிகாட்டலில் சிறிய திருத்தங்களில் தொடங்கி, 2017 ஜனவரியில் பைத்தானின் முதல் பெண் மைய உருவாக்குநரானார். அடுத்த சில ஆண்டுகளில் வேறு சில பெண்களும் வந்தார்கள். குய்டோ தலைமையிலிருந்து விலகியபின் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவர் கொண்ட முதல் வழிநடத்தும் குழுவில் கேரல் வில்லிங் இடம்பெற்றார். மரியாட்டா 2023இல் பைகான் மாநாட்டுக்கே தலைமை ஏற்றார்.

பைகானில் உரைகள் முடிந்தபின் நான்கு நாட்கள் ஸ்பிரிண்ட் நடக்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அந்தந்தத் திட்டத்தை எழுதுகிறவர்களோடு சேர்ந்து எழுதலாம். பெரும்பாலோர் அதற்குமுன்பே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். கமிட் உரிமைக்குப் போகும் பாதை தொடங்குவதோ அங்கேதான். இதை உணர்ந்தே 2019இல் புதியவர்களுக்கென வழிகாட்டிகளுடன் கூடிய ஸ்பிரிண்ட் ஒன்றைத் தனியாக நடத்தினார்கள். பைத்தானில் எழுதப்பட்ட ஜாங்கோ வலைச்சட்டகத்தைக் கற்றுத்தரும் ஜாங்கோ கேர்ள்ஸ் போன்ற ஒருநாள் பயிலரங்குகளை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2014இல் பெர்லினில் போலந்துப் பெண்கள் இருவர் தொடங்கியது அது. இன்று உலகெங்கும் நடக்கிறது. அதன் பாடநூல் பல மொழிகளில் உண்டு. முதல் நாளின் மகிழ்ச்சியை அதுபோலத் தரும் நிகழ்ச்சி வேறில்லை. இரண்டாம் நாளுக்கு அந்தந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே மீதி.

இதுவரை பாலினத்தைப் பற்றியே பேசியதற்குக் காரணம், எண்கள் இருப்பது அங்கேதான். ஊர், மொழி, வருமானம், கடவுச்சீட்டு ஆகியவற்றுக்கு இப்படி எவரும் கணக்கு வைப்பதில்லை. சாதியை இந்திய மாநாடுகள்கூட எண்ணிப் பார்ப்பதில்லை. 2009இல் பெங்களூரில் தொடங்கிய பைகான் இந்தியா, 2019இல் சென்னை வர்த்தக மையத்துக்கு வந்தது. செஞ்சியிலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண் ஒருத்தி அங்கே வருவதற்கு நுழைவுக் கட்டணம், பேருந்து, தங்குமிடம் எல்லாம் வேண்டும். வீட்டில் அனுமதி வேண்டும். விடுதி மாணவி என்றால் இரவு கதவடைக்கும் நேரத்துக்குள் திரும்ப வேண்டும். ஆங்கில உரைகள் தனிச் சங்கதி. இந்த வகையில் 2023 ஜனவரியில் டெபியன் என்ற லினக்ஸ் வகையை உருவாக்கும் குழுவினரின் சிறு மாநாடு சென்னையை விட்டு விழுப்புரத்தின் பொறியியல் கல்லூரியில் நடந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிராமத்து மாணவர்களுக்கு இலவச வகுப்புகள் நடத்திவரும் அவ்வூர் லினக்ஸ் பயனர் குழு முன்னின்று நடத்தியது. மாநாட்டுக்கு வந்தவருக்கு அடுத்த வாரமும் போக ஓர் இடம் ஊரிலேயே இருந்தது.

யாருடைய பாதுகாப்பு, யார் அதைத் தீர்மானிப்பது என்ற கேள்வியும் சில வேளை நல்லெண்ணங்களுக்குள்ளேயே மோதலாக வரும். 2023இல் சான்சிபாரில் நடக்கவிருந்த ஜாங்கோகான் ஆப்பிரிக்காவுக்கு நிதி தருவதில் பைத்தான் அறக்கட்டளை தயங்கியது. தான்சானியச் சட்டம் தன்பாலின உறவைக் குற்றமாக்குவதால், அங்கு வரும் தன்பாலினத்தவரின் பாதுகாப்பு என்ன ஆகும் என்பது கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் மாநாடு நெருங்கும்வரை பதில் வராமல் இழுத்தது ஆப்பிரிக்க அமைப்பாளர்களைத் தவிக்கவைத்தது. தங்களை நடத்திய விதத்தைக் கண்டித்து அவர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அறக்கட்டளை தன் நடைமுறைக் குறைகளை ஒப்புக்கொண்டு, நிதி கேட்போர் நேரடியாகப் பேசுவதற்கு மாதாந்தர நேரம் ஒதுக்கியது. சட்டமோ மாறவில்லை, இரு தரப்பு நியாயமும் அப்படியே நிற்கிறது.

2025இல் இந்த முயற்சிகளுக்கே விலை பேசப்பட்டது. பைத்தான் அறக்கட்டளை, நிரல்தொகுப்புகளின் பாதுகாப்பை வலுப்படுத்தும் பணிக்காக அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் 15 லட்சம் டாலர் கேட்டிருந்தது. விண்ணப்பம் பரிந்துரைக்கப்பட்டது. நிபந்தனையில் ஒரு வரி: இந்த நிதி பெறும் காலத்தில், பன்மைத்துவத்தையும் உள்ளடக்குதலையும் வளர்க்கும் எந்தத் திட்டத்தையும் நடத்தமாட்டோம் என்று உறுதியளிக்க வேண்டும். அது அந்தப் பாதுகாப்புப் பணிக்கு மட்டுமன்றி, அறக்கட்டளையின் எல்லாச் செயல்பாடுகளுக்கும் பொருந்தும். மீறினால் ஏற்கெனவே செலவழித்த பணத்தையும் திரும்பக் கேட்கலாம். ஆண்டு வரவுசெலவே 50 லட்சம் டாலர் அளவுள்ள, பதினான்கு ஊழியர் கொண்ட அமைப்புக்கு அது கிடைத்திருக்கக்கூடிய மிகப் பெரிய நிதி. நிர்வாகக் குழு ஒருமனதாக விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. அக்டோபர் இறுதியில் அறிவித்ததும் தனிநபர் நன்கொடைகள் வந்தன. 15 லட்சத்துக்கு அவை ஈடாகவில்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஆகஸ்டில், அவ்வாண்டுக்கு ஒதுக்கிய தொகை தீர்ந்துவிட்டதால் உலகெங்கும் உள்ள பைத்தான் நிகழ்ச்சிகளுக்கான நிதியுதவியை அறக்கட்டளை நிறுத்திவைத்திருந்தது. அந்த உதவிக்கு முக்கிய ஊற்று அமெரிக்காவில் நடக்கும் பைகான்: அதன் புரவலர் பணமும் நுழைவுக் கட்டணமும். புரவலர் நிறுவனங்கள் செலவைச் சுருக்கினாலோ, விசா கிடைக்காமலும் எல்லையில் என்ன நடக்குமோ என்ற அச்சத்தாலும் வெளிநாட்டினர் வரத் தயங்கினாலோ மாநாட்டின் வருமானம் குறையும். அது குறைந்தால், அந்த மாநாட்டுக்கு ஒருநாளும் வரப்போகாதவர்களுக்காக அக்ராவிலோ கம்பாலாவிலோ நடக்க வேண்டிய பயிலரங்குக்கு மதிய உணவுச் செலவும் இணைய இணைப்புச் செலவும் கிடைக்காமல் போகும்.